உங்களுக்குத் தெரியுமா? தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையை நேராகத் தண்ணீருக்குள் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறது. பொடிப்பொடியான கறுப்புப் புள்ளிகள். பார்த்தால் அழுக்கு என்றே தோன்றும். தண்ணீரைக் கொட்டி, டிரம்மைக் காயவைத்தாலும் அவை எளிதில் சாவதில்லை. மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். பொரித்த புழு கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள். வாரம் ஒருமுறை நார் போட்டு உட்சுவரை அழுத்தித் தேய்க்கச் சொல்வது இதனால்தான். தேய்த்த பின் மூடியும் வையுங்கள்.

சாக்கடையை மட்டும் திட்டிப் பயனில்லை. ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தது தேங்கிய நல்ல தண்ணீர்: ஃபிரிட்ஜின் பின்தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயர். கடிப்பதும் பெரும்பாலும் பகலில்தான். மதியம் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை கட்டுங்கள்.

காய்ச்சலா? டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வேண்டாம். ரத்தக்கசிவு அபாயம் கூடும். தமிழ்நாட்டில் 104-ஐ அழைத்தால் மருத்துவ ஆலோசனை கிடைக்கும்.