முன்னாள் படைவீரரும் இசைச் சிகிச்சையும்: சமூகச் சேவைக் கழகங்களின் பங்கு

முன்னுரை

அமெரிக்க நகரங்களில் இயங்கும் ரோட்டரி, லயன்ஸ், கிவானிஸ் முதலிய சமூகச் சேவைக் கழகங்களின் கூட்டங்கள் பெரும்பாலும் ஓர் உணவு வேளையை ஒட்டி நடைபெறுகின்றன. துறை வல்லார் ஒருவரை அழைத்து உரை கேட்பதும், உரைக்குப் பின் வினாத் தொடுப்பதும் அங்கு நிலவும் மரபு. மருத்துவமனைச் சுவர்களுக்குள் நிகழும் பணிகள் பலவற்றைப் பொதுமக்கள் அறிவதற்கு இம்மரபு வழிசெய்கிறது. முன்னாள் படைவீரர்களுக்கு அளிக்கப்படும் இசைச் சிகிச்சை அவற்றுள் ஒன்றாகும். இத்தகைய உரையைக் கேட்டோர் உள்ளத்தில் எழும் நல்லெண்ணம் எத்திசையில் செல்லுதல் வேண்டும் என்பதை, அச்சிகிச்சையின் வரலாற்றையும் முறைகளையும் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையின் தோற்றம்

இசை நோயைத் தணிக்கும் என்னும் நம்பிக்கை மிகப் பழமையானது. ஆயின், அது பயிற்சியும் நெறிமுறையும் உடைய தொழில்துறையாக உருப்பெற்றது 20ஆம் நூற்றாண்டிலேயாம். இரு உலகப் போர்களிலும் காயமுற்றுத் திரும்பிய வீரர்கள் தங்கிய மருத்துவமனைகளுக்கு உள்ளூர் இசைக்கலைஞர்கள் தொண்டு மனப்பான்மையுடன் சென்று பாடினர், கருவிகள் இசைத்தனர். நோயாளிகளின் உடலிலும் உள்ளத்திலும் தோன்றிய மாற்றங்களைக் கண்ட மருத்துவர்கள் இசைக்கலைஞர்களைப் பணியில் அமர்த்துமாறு கேட்டனர். இசைப்புலமை மட்டும் போதாது, நோயாளியை அறியும் பயிற்சியும் தேவை என்பது விரைவில் புலனாயிற்று. அதன் விளைவாக, 1944ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலக் கல்லூரியிலும், அதனைத் தொடர்ந்து கான்சஸ் பல்கலைக்கழகத்திலும் இசைச் சிகிச்சைக் கல்வி தொடங்கப்பெற்றது. 1950இல் இத்துறைக்கெனத் தேசியச் சங்கமும் அமைந்தது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. தொண்டரின் நல்லெண்ணமே இத்துறைக்கு வித்திட்டது. அந்நல்லெண்ணத்தின் எல்லையை உணர்ந்தமையே அதனைத் துறையாக்கிற்று.

சிகிச்சை முறைகள்

இசைச் சிகிச்சையாளர் முதலில் நோயாளியின் நிலையை மதிப்பிடுகிறார். அடைய வேண்டிய இலக்கை வகுக்கிறார். பின்னரே இசையைத் தேர்கிறார். இசையைக் கேட்டல், கருவி இசைத்தல், பாடல் புனைதல் எனச் செயல்கள் பலவகைப்படும். மனத்தளர்ச்சியுற்றவருக்கு உடனே மகிழ்ச்சிப் பாடலை இசைப்பதில்லை. அவருடைய அப்போதைய மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கிப் படிப்படியாக வேறு நிலைக்கு அழைத்துச் செல்வதும் ஒரு முறையாகும்.

மூளைக்காயத்தாலோ பக்கவாதத்தாலோ பேச்சிழந்தோர் சிலர் சொற்களைப் பாட வல்லவராய் இருப்பர். இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, 1973ஆம் ஆண்டளவில் பாஸ்டன் நகரின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையைச் சார்ந்த ஆய்வாளர்கள் ஒரு பயிற்சியை வெளியிட்டனர். அன்றாடத் தொடர்களை எளிய ஏற்ற இறக்கத்துடன் இசைத்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டி, சிறிது சிறிதாக இயல்பான பேச்சுக்கு அவரைக் கொணர்வது அதன் இயல்பு.

போர் அனுபவம் உள்ளத்தில் விட்டுச்செல்லும் வடு மற்றொரு களமாகும். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்னும் பெயரில் 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இதனை வகைப்படுத்தியது. சொல்ல இயலாத நினைவைப் பாடலாகப் புனையும்போது, அதனைச் சற்று விலகி நின்று நோக்கும் வாய்ப்பு வீரருக்குக் கிட்டுகிறது. ஆயினும் போர்க்காலத்தில் கேட்ட ஒரு பாடலோ திடீரென எழும் முரசொலியோ அந்நினைவைக் கடுமையாகக் கிளறிவிடவும் கூடும். ஆகவே, எல்லா இசையும் எல்லார்க்கும் நன்மையே பயக்கும் எனக் கொள்ளுதல் பிழையாகும்.

கழகங்களின் பங்கு

இங்ஙனமாயின் பயிற்சி பெறாத தொண்டருக்கு இடமில்லையோ எனில், உண்டு. 2007இல் மில்வாக்கி நகரில் தோன்றிய 'கிட்டார்ஸ் ஃபார் வெட்ஸ்' என்னும் அமைப்பு இதற்குச் சான்று. தன்னார்வ ஆசிரியர்களைக் கொண்டு வீரர்களுக்குக் கிட்டார் கற்பித்து, பத்துப் பாடங்களை நிறைவு செய்தோர்க்குக் கருவியையும் இலவசமாக வழங்குகிறது அது. கற்றலும் தோழமையும் தரும் பயன் பெரிது. எனினும் அது சிகிச்சைக்கு மாற்றாகாது, துணையாகும்.

சேவைக் கழகங்களும் இவ்வேறுபாட்டை மனங்கொளல் வேண்டும். கருவிகள் வாங்குதல், சிகிச்சையாளரின் ஊதியத்திற்கு நிதி திரட்டுதல், மருத்துவமனைக்கு வந்துசெல்ல வாகன வசதி செய்தல் ஆகியன அவை நன்கு ஆற்றத்தக்க பணிகள். ரோட்டரியினர் போற்றும் நால்வகைத் தேர்வின் முதல் வினா, கூறப்படுவது உண்மையா என்பதேயாகும். மேடையில் இசையின் ஆற்றல் புகழப்படும்போதும் அவ்வினாவை எழுப்புதல் தகும்.

முடிவுரை

'இசை நிகழ்ச்சி', 'இசைப் பயிற்சி', 'இசைச் சிகிச்சை' ஆகிய மூன்றையும் ஒரே பொருளில் வழங்கும் போக்கு நம் எழுத்துகளிலும் காணப்படுகிறது. முதலாவது மகிழ்விக்கிறது; இரண்டாவது கற்பிக்கிறது; மூன்றாவது ஒருவரின் நிலையறிந்து இலக்கு வகுத்துச் செயற்படுகிறது. மூன்றும் வேண்டுவனவே. ஆயின் சொல் மயங்கினால், சிகிச்சை தேவைப்படுவோர் நிகழ்ச்சியைக் கண்டதோடு நின்றுவிட நேரும். கலைச்சொற்களை வரையறுத்து வழங்கும் கடப்பாடு தமிழாசிரியராகிய நமக்கு உரியது என்பதை இத்துறையின் வரலாறு உணர்த்துகிறது.