துளையிடாமல் ஒரு வேதிச் சோதனை

கோவையின் பெரிய மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. கருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளுறுப்புகளைப் படம் பிடிக்கும் அதே கருவியைக் கொண்டு, மூளையின் ஒரு சிறு பகுதியில் என்னென்ன வேதிப்பொருள்கள் உள்ளன என்றும் அறியலாம். மண்டையோட்டில் துளை வேண்டியதில்லை. இதற்குக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை முறை என்று பெயர்.

ஹைட்ரஜன் அணுவின் கருவான புரோட்டான் ஒரு நுண்ணிய காந்தம். வலிய காந்தப் புலத்தில் அது பம்பரம்போல் தலையாட்டிச் சுழலும், 1.5 டெஸ்லா புலத்தில் நொடிக்குச் சுமார் 6.4 கோடி தடவை. அதே அதிர்வெண்ணுள்ள ரேடியோ அலையால் தூண்டினால், அது நமக்கு மறுகுறிப்பு அனுப்பும்.

புரோட்டான்கள் எல்லாம் ஒன்றுதானே, பொருள்களை எப்படிப் பிரித்தறிவது? தென்னங்கீற்றுப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். கீற்று அடர்ந்த இடத்தில் வெயில் குறைவு. புரோட்டானைச் சூழ்ந்த எலெக்ட்ரான்களும் இப்படியே காந்தப் புலத்தைச் சிறிது மறைக்கின்றன. மூலக்கூறில் அது இருக்கும் இடத்துக்கேற்ப, அதிர்வெண் பத்து இலட்சத்தில் சில பங்கு நகரும். 1951-ல் ஆர்னால்டு, தர்மட்டி, பாக்கார்டு ஆகியோர் அமெரிக்காவில் எதைல் ஆல்கஹாலை ஆராய்ந்தபோது மூன்று முகடுகள் தோன்றின, பரப்புகள் 3:2:1. அதன் வாய்பாட்டை எழுதிப் பாருங்கள், காரணம் விளங்கும்! தர்மட்டி நம் நாட்டவர். பின்னர் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இத்துறையை வளர்த்தவர்.

இனி மருத்துவமனைக்கு வருவோம். மூளையில் ஒரு கட்டி இருப்பதைப் படம் காட்டுகிறது. புற்றுக் கட்டியா, காசநோய்க் கட்டியா? முன்னதற்குப் பெரும்பாலும் அறுவை வேண்டும். பின்னது பெரும்பாலும் மருந்தில் கரையும். காசநோய்க் கிருமியின் சுவரில் கொழுப்பு மிகுதி. ஆதலால் அக்கட்டியின் வரைகோட்டில், பத்து இலட்சத்தில் 1.3 பங்கு என்னும் குறியில், கொழுப்பு முகடு ஓங்கி நிற்கும். புற்றுக் கட்டியிலோ 3.2-ல் உள்ள கோலின் முகடு உயரும்.

எங்கிருந்து குறிப்பு வரவேண்டும் என்று படத்தின்மேல் சிறு பெட்டி ஒன்றைக் குறிப்பவர் ரேடியோகிராபர். பக்கம் 2 செ.மீ. இருந்தால் போதும். இங்கேதான் அவர் திறமை தெரியும். பெட்டி மண்டையோட்டை ஒட்டிவிட்டால், தலைத்தோலின் கொழுப்பும் அதே 1.3-ல் முகடு எழுப்பும். இல்லாத காசநோய் இருப்பதுபோல் தோன்றும்! மூக்கை ஒட்டிய காற்றறைகளை நெருங்கினால் புலம் சீர்கெட்டு முகடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நீரின் முகடு மற்றவற்றைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரிதாதலால் அதையும் அடக்கியாக வேண்டும். குறிப்போ மெலிது, பல நிமிடங்கள் சேர்த்துக் கூட்ட வேண்டும். அதுவரை நோயாளி தலையை அசைக்கக் கூடாது.

கொடிய புற்றுக் கட்டிகள் சிலவற்றிலும் திசு மடிவதால் கொழுப்பு முகடு எழுவதுண்டு. எனவே மருத்துவர் கோலின் முகட்டையும் படத்தையும் மற்றச் சோதனைகளையும் ஒப்புநோக்கியே முடிவு செய்கிறார்.