மணப்பாட்டு மணலில் ஒரு கீரை நடை

மணப்பாட்டுக்கு வருகிறவர்கள் மணல் குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தைப் பார்ப்பார்கள். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகைக்குள் இறங்குவார்கள். பிறகு அலையில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். காலடியில் கிடக்கும் பச்சையைக் குனிந்து பார்ப்பவர் குறைவு. அதில் கறிக்கு ஆகும் செடிகள் பல உண்டு.

சரிவில் முதலில் எதிர்ப்படுபவை இராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும். இரண்டும் கீரையல்ல. மணலைக் காற்றுக்கு விடாமல் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேலை. கருமேனியாறு கடலில் சேரும் பக்கம் போனால் உவர்ச்சேறு. உமரிக்கும் வங்கராவச்சிக்கும் ஏற்ற மண் அது.

வங்கராவச்சி இலையை ஒடித்தால் மளுக்கென்று முறியும், விரலில் நீர் கசியும், நாக்கில் உப்புக் கரிக்கும். நெற்பயிரைக் கருக்கிவிடும் உப்பு இதை ஒன்றும் செய்வதில்லை. உள்ளே வரும் சோடியத்தைச் செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழில் இது அடைத்து வைக்கிறது. அந்த உப்பு நீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் இலை தடிக்கிறது. குமிழுக்கு வெளியே, செல்லின் வேலைகள் நடக்கும் இடத்தில், புரோலின் போன்ற தீங்கற்ற பொருள்களைச் சேர்த்துச் சமன் செய்துகொள்கிறது. உமரியும் இப்படித்தான் பிழைக்கிறது. முற்றிய உமரியைச் சிவக்க வைக்கும் பீட்டாலைன்தான் பீட்ரூட்டுக்கும் நிறம் தருகிறது. பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையம் உமரியிலிருந்து உப்பே எடுத்திருக்கிறது.

இந்தக் கீரைகளை வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். உப்போடு, நீரில் கரையும் ஆக்சலேட்டும் அதில் போய்விடும். சிறுநீரகக் கல் உள்ளவர்களும் இரத்த அழுத்தக்காரர்களும் அப்போதும் அளவோடுதான் சாப்பிட வேண்டும்.

உள்ளே போனால் குதிரைமொழித் தேரி. இரும்பு ஆக்சைடு பூசிய செம்மணல் அது. உடன்குடிக் கருப்பட்டிக்குப் பேர் வாங்கித் தந்த பனை இந்த வட்டாரத்தின் மரம். பனங்கொட்டையைப் புதைத்தால் முளை முதலில் கீழே இறங்கி மாவுச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். நாம் அவித்துத் தின்னும் கிழங்கு அதுதான். வேலியோரங்களில் பிரண்டையும் முடக்கத்தானும் படரும். பிரண்டையிலுள்ள ஊசிபோன்ற ஆக்சலேட் படிகங்கள் தொண்டையை அரிக்கும் என்பதால்தான் வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைக்கிறோம். ஆனால் குன்றிமணியும் வேலியில்தான் படரும். அதன் விதையிலுள்ள ஆப்ரின் உயிரைப் பறிக்கும் நஞ்சு.

ஆரோவில்லில் சூழலியலாளர் நினா சென்குப்தா உண்ணத்தகுந்த களைச்செடிகளைக் காட்டிக் கற்பிக்கும் நடைகளை நடத்தி வந்திருக்கிறார். கடற்கரை, கழிமுகம், தேரி என மூன்று நிலங்களையும் அருகருகே வைத்திருக்கும் மணப்பாட்டுக்கும் அப்படி ஒரு தடம் வேண்டும். சுற்றுலாத் துறையும் உள்ளூர்ப் பள்ளிகளும் சேர்ந்தால் முடியும். வழிகாட்டிகள் வெளியிலிருந்து வரக் கூடாது. கீரை பறித்துப் பழகிய இவ்வூர்ப் பாட்டிமார்களுக்கே அந்தக் கூலி போக வேண்டும்.

அதுவரை, ஐப்பசி மழைக்குப் பின் போகிறவர்கள் செடி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வேரோடு பிடுங்காமல் கொழுந்தை மட்டும் கிள்ளுங்கள். சாக்கடை, ஆலைக்கழிவு கலக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள். வங்கராவச்சி காட்மியத்தையும் ஈயத்தையும்கூட உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.