ஒரு யூனிட் கரண்டுக்குக் கால் கிலோ சாம்பல்

போன கோடையில் எங்கள் வீட்டு ஈபி கணக்கு, இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் காட்டியது. ஏசி செய்த வேலை. தொகையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் புலம்பிட்டு, அப்புறம் வேற ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுதான் இந்தப் பதிவு.

நம்ம ஊர் அனல் மின் நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, சுமார் 700 கிராம் நிலக்கரி எரியணும். ஒடிசாவின் தால்சர் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாரதீப் வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வருகிற கரி இது. வெளிநாட்டுக் கரியும் கலக்கிறாங்க. நம் நாட்டுக் கரியின் லட்சணம் என்னன்னா, எரிந்த பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பலாகவே நிற்கும். ஆக, யூனிட்டுக்குக் கால் கிலோ. 640 யூனிட்டுக்கு 160 கிலோ. நமக்கு வரும் கரண்ட் முழுக்க நிலக்கரி இல்லை; காற்றாலை, சூரிய ஒளி, கல்பாக்கம், கூடங்குளம் எல்லாம் கலந்துதான் வருது. பாதின்னு வெச்சாலும் 80 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைக்கு மேல்!

சரி, அந்தச் சாம்பல் எங்கே போகுது?

இரண்டு விதமா பிரியும். மாவு மாதிரி மெல்லிசா புகையோடு மேலே போவது பறக்கும் சாம்பல். ஐந்தில் நான்கு பங்கு இதுதான். புகைபோக்கிக்கு முன்னால் மின்னூட்டம் கொடுத்த தகடுகளில் இதைப் பிடித்து விடுகிறார்கள். உலர்ந்த நிலையில் பிடித்தால் இதற்கு விலை உண்டு, சிமெண்ட் கம்பெனிகள் லாரி லாரியா வாங்கிக்கொள்ளும். இன்றைக்கு நாம் அடுக்குமாடி கட்டப் பயன்படுத்தும் பிபிசி சிமெண்டில் 35 சதவீதம் வரை இந்தச் சாம்பல் இருக்கலாம். நல்ல பங்கு நம் சுவருக்கே திரும்பி வந்துடுது.

கொதிகலனுக்கு அடியில் விழும் கரடுமுரடான சாம்பலும், விற்காமல் மிஞ்சுவதும் தான் பிரச்சினை. இதைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கி, கிலோமீட்டர் கணக்கில் நீளும் இரும்புக் குழாய்களில் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் சகோதரன். உப்புக்காத்து வெளியிலிருந்து அரிக்க, சாம்பல் உள்ளிருந்து தேய்க்க, குழாய் ஓட்டையாகும். வட சென்னை அனல் மின் நிலையத்தின் குழாய்கள் கொசஸ்தலையாற்றையும் கழிமுகத்தையும் ஒட்டிப் போகின்றன. ஒழுகினால் நேரா ஆற்றில்தான்.

இறால் பிடிக்க இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவிப் பார்க்கும் ஆட்கள் அங்கே இன்னும் இருக்காங்க. அவர்கள் காலுக்கடியில் இருக்க வேண்டியது சேறு. பல இடங்களில் இருப்பது சாம்பல். இறால் சேற்றில்தான் வளையடித்து ஒளியும், சாம்பல் இறுகினால் அதற்கு வீடு இல்லை. ஆழமும் குறையும், படகு தரை தட்டும். இன்னொன்று, பூண்டி ஏரி உபரி நீர் கடலுக்குப் போகும் வாயும் இதே கழிமுகம்தான். இது மேடானால் மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும்னு மணலிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2016-ல் மீனவர் தரப்பிலிருந்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு வழக்குப் போனது. 2022 ஜூலையில்தான் தீர்ப்பு வந்தது.

ஏன் எல்லாம் இங்கேயே? கரி இறங்கத் துறைமுகம் வேணும், குளிர்விக்கக் கடல் நீர் வேணும், சாம்பல் கொட்ட 'காலி நிலம்' வேணும். அந்தக் காலி நிலம் என்பது உப்பளமும், அலையாத்திக் காடும், மீன்பிடி நீர்நிலையும்தான். 1970-களில் எண்ணூரில் 450 மெகாவாட்டில் ஆரம்பித்தது, 2017-ல் அதை மூடிட்டாங்க. அதற்குள் ஆற்றுக்கு வடக்கே வட சென்னை நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களில் 1,830, வல்லூரில் 1,500 மெகாவாட் வந்தாச்சு. 2024 மார்ச்சில் இன்னொரு 800.

ராயபுரம் கதையும் இதோடு சேர்ந்ததுதான். சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய நிலக்கரியின் தூசு வீட்டுக்குள் படியுதுன்னு அந்தப் பக்கத்து மக்கள் போராடினார்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரில் அங்கே கரி இறக்குவது நின்றது. நியாயமான உத்தரவு. ஆனா கரி எரிவது நிற்கலையே! இருபது கிலோமீட்டருக்கு மேல் வடக்கே தள்ளிப் போய் இறங்க ஆரம்பித்தது.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் அது இழுக்கும் கரண்டில் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்கிறார்கள். ராத்திரிக்கு 8 யூனிட் இழுக்கும் ஏசியில் அது அரை யூனிட், சாம்பல் கணக்கில் 120 கிராம். நான் இப்போ 26-ல் வைக்கிறேன், பெருமைக்குச் சொல்லலை. ஒழுகும் குழாயை இதனால் அடைக்க முடியாது. அதற்குச் சாம்பல் முழுவதையும் உலர்ந்த நிலையில் எடுக்கணும், பழைய குழாயை மாத்தணும், ஏற்கெனவே ஆற்றில் கிடப்பதை அள்ளணும். மூன்றுமே செய்யத் தெரிந்த வேலைகள்தான்.

மூடிய பழைய எண்ணூர் நிலைய இடத்தில் 660 மெகாவாட்டில் புது அலகு கட்ட, 2024 டிசம்பரில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்கள்.