கைப்பேசிப் பழுதுநீக்கமும் மின்சுற்று வரைபடமும்

வங்கிக் கணக்கு, பள்ளிப் பாடம், தொழில் தொடர்பு ஆகிய யாவும் இன்று கைப்பேசியினுள் அடங்கியுள்ளன. எனவே, அது பழுதுறும்போது ஏற்படும் இழப்பு சாதனத்தின் விலையோடு நின்றுவிடுவதில்லை. பழுதுநீக்கும் செலவை நிர்ணயிப்பதில் உதிரிபாகத்தின் விலையைவிடத் தகவலின் பங்கே பல வேளைகளில் பெரிதாகும். அத்தகவலைத் தருவது மின்சுற்று வரைபடம்.

வரைபடத்தின் பயன்

எந்தப் பாகம் எதனுடன் இணைந்துள்ளது, எந்தத் தடத்தில் எத்தனை வோல்ட் இருத்தல் வேண்டும் என்பவற்றை மின்சுற்று வரைபடம் விளக்குகிறது. அப்பாகம் பலகையில் எங்குள்ளது என்பதைத் துணைப்படம் காட்டுகிறது.

எடுத்துக்காட்டாக, முற்றிலும் இயங்காத கைப்பேசி ஒன்றைக் கொள்வோம். மின்கலத்திற்குப் பதிலாக ஏறத்தாழ 4 வோல்ட் அளிக்கும் மின்வழங்கியுடன் அதனை இணைத்ததும், பொத்தானை அழுத்துமுன்னரே மிகுதியான மின்னோட்டம் பாயுமாயின், முதன்மை மின்தடத்தில் ஷார்ட் சர்க்யூட் இருப்பதாக ஐயுறலாம். மின்வழங்கியை அகற்றி, மல்டிமீட்டரால் அளந்து இதனை உறுதி செய்யலாம். அத்தடத்தில் இணைந்துள்ள மின்தேக்கிகள் பல. அவை யாவை என்பதை வரைபடம் வரிசை எண்ணுடன் தெரிவிக்கிறது. குறைந்த மின்னழுத்தத்தைச் செலுத்தினால் பழுதான மின்தேக்கி சூடேறும். பலகையில் தடவிய ஆல்கஹால் அவ்விடத்தில் முதலில் உலரும். அற்ப விலையுள்ள அப்பாகத்தை மாற்றினால் கைப்பேசி மீண்டும் இயங்கும்.

வரைபடம் இல்லையேல், பலகை முழுவதையும் மாற்றுமாறு கூறுவதே வழக்கம். நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், உரிமையாளர் சேமித்த தகவல்களும் அதனோடு போய்விடுகின்றன.

பொருளாதார நோக்கு

ஒருமுறை வரையப்பட்ட படத்தின் மற்றொரு பிரதிக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். எனினும், உற்பத்தியாளர் பலர் அதனை வெளியிடுவதில்லை. அறிவுசார் சொத்துரிமையும் பாதுகாப்பும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆயின், வரைபடம் சில்லுகளுக்கிடையேயான இணைப்புகளைக் காட்டுமேயன்றி, சில்லுகளின் உள்ளமைப்பைக் காட்டுவதில்லை. லித்தியம் மின்கலத்தினால் நேரும் ஆபத்திற்கு மாற்று, முறையான பயிற்சியே; தகவலை மறைத்தல் அன்று.

அரசின் முயற்சிகள்

பழுதுநீக்கும் உரிமை குறித்து ஆராய, மைய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. கைப்பேசிகள் அதன் ஆய்விற்குரிய நான்கு துறைகளுள் ஒன்றாகும். அவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் இதற்கென இணையவாயில் ஒன்று தொடங்கப்பட்டது. பழுதுநீக்கக் குறியீடு பற்றிய அறிக்கை 2025 மே மாதத்தில் அளிக்கப்பட்டது. பழுதுநீக்கத் தகவல் கிடைக்கும் தன்மையும் அதன் அளவுகோல்களுள் ஒன்றாகும்.

வரைபடம் கிடைத்தால் மட்டும் போதாது; அதனைப் படிக்கத் தெரிதலும் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் வரைபட வாசிப்பிற்கு உரிய இடமளித்தால், சிறு பழுதுநீக்குவோரின் வருவாய் உயரும். மின்னணுக் கழிவும் குறையும்.