எந்தச் செலவு திரும்ப வரும்?

கடந்த ஆண்டு என் மனைவிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடைபெற்றது. மகன் பணியாற்றும் தனியார் நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் பெற்றோருக்கும் இடம் உண்டு என்பதால், செலவைப் பற்றிய கவலையின்றி இருந்தோம். நான்காம் நாள் வீடு திரும்பும் வேளையில் மொத்தக் கட்டணம் ரூ.3,21,000 என்றும், காப்பீட்டு நிறுவனம் ஏற்பது ரூ.2,40,000 மட்டுமே என்றும் தெரிவித்தார்கள். மீதி ரூ.81,000-ஐ என் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து செலுத்தினேன்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் நான். ஆயினும், காப்பீட்டு ஆவணத்தைப் பணம் கட்டிய பிறகே முழுமையாகப் படித்தேன். படித்தவர்கள் பலரின் நிலையும் இதுதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

எதிர்பாராத பெருஞ்செலவை பலர் சேர்ந்து பகிர்ந்துகொள்வதே காப்பீடு. நோய் எப்போது வரும், எவ்வளவு செலவாகும் என்ற நிச்சயமின்மையே மருத்துவச் சந்தையின் தனித்தன்மை என்று பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரை விளக்கியது. செலவைப் பிறர் ஏற்கும்போது நாம் சற்றுத் தாராளமாகச் செலவு செய்வோம் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். காப்பீட்டு ஆவணங்களில் காணப்படும் வரம்புகளும் விலக்குகளும் பெரும்பாலும் இந்த அச்சத்திலிருந்து பிறந்தவையே.

பொதுவாக, 24 மணி நேரத்துக்குக் குறையாமல் உள்நோயாளியாகத் தங்கிப் பெறும் சிகிச்சைக்கான செலவு ஏற்கப்படும். கண்புரை அறுவை, டயாலிசிஸ், கீமோதெரபி போன்ற, ஒரே நாளில் முடியும் சிகிச்சைகளுக்கு இந்த நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. அனுமதிக்கு முந்தைய 30 நாள்களிலும், வீடு திரும்பிய பின் 60 நாள்களிலும் அதே நோய்க்காகச் செய்த பரிசோதனை, மருந்துச் செலவுகளைப் பல குழுக் காப்பீடுகள் ஏற்கின்றன. இதை அறியாமல் ரசீதுகளைத் தூக்கி எறிபவர்களே அதிகம்.

அழகுக்கான அறுவை சிகிச்சை, குழந்தைப்பேறின்மைக்கான சிகிச்சை, 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்யும் சிகிச்சை ஆகியவை வழக்கமான விலக்குகள். மூக்குக் கண்ணாடிக்கும், விபத்தினால் அல்லாத பல் சிகிச்சைக்கும் பெரும்பாலும் பணம் கிடைக்காது. கையுறை, முகக்கவசம் போன்ற சில்லறைப் பொருள்களும் தள்ளுபடியாகும். எங்கள் கணக்கில் இவை மட்டும் ரூ.9,000.

எஞ்சிய ரூ.72,000 எங்கே போயிற்று? இரவில் நானும் உடன் தங்க வசதியாக இருக்கட்டும் என்று, நாளொன்றுக்கு ரூ.8,000 வாடகையுள்ள அறையை நான்தான் கேட்டு வாங்கினேன். காப்பீட்டின் அறை வாடகை வரம்போ ரூ.5,000. நாளொன்றுக்கு ரூ.3,000 வீதம் நான்கு நாளுக்கு ரூ.12,000 கூடுதலாகும் என்றே கணக்கிட்டிருந்தேன். ஆனால், அறையின் தரத்துக்கேற்ப மருத்துவர், செவிலியர், அறுவை அரங்கக் கட்டணங்களும் உயர்கின்றன. ஆகவே, அந்தக் கட்டணங்களையும் எட்டில் ஐந்து பங்கு என்ற அதே விகிதத்தில் குறைத்தார்கள். ரூ.1,60,000-இல் ரூ.1,00,000 மட்டுமே கிடைத்தது.

மருந்து, உடலில் பொருத்தப்படும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் இந்த விகிதக் குறைப்பு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இல் வரையறுத்தது. அதனால்தான் எங்களுக்கு மூட்டுக் கருவி, மருந்து, பரிசோதனைக்கான ரூ.1,20,000 முழுமையாகக் கிடைத்தது. இந்த விதியை அறியாதவர், தவறாகக் குறைத்தாலும் கேள்வி கேட்க மாட்டார்.

அரசு ஊழியர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவசரத்தில் சேர்ந்த மருத்துவமனை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லாவிட்டால் என்ன செய்வது? ஓய்வுபெற்ற மத்திய அரசு அதிகாரி சிவகாந்த் ஜா தொடுத்த வழக்கில் 2018-இல் உச்சநீதிமன்றம் தெளிவாகக் கூறியது: மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்பதற்காக மட்டும் செலவுத் தொகையை மறுக்க முடியாது; சிகிச்சை உண்மையில் பெறப்பட்டதா, அது மருத்துவரால் சான்றளிக்கப்பட்டதா என்பதையே பார்க்க வேண்டும். அதேசமயம், நிதிநிலை கருதி அரசு கட்டண வரம்பு நிர்ணயிக்கலாம் என்று 1998-இல் பஞ்சாப் அரசு தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுள்ளது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இடைவெளி புறநோயாளிச் செலவு. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் வாங்கும் மருந்து பெரும்பாலான திட்டங்களில் அடங்காது. தமிழக அரசின் ஓய்வூதியரான எனக்கு மருத்துவப்படி மாதம் ரூ.300, காப்பீட்டுக்காக 2022 ஜூலை முதல் பிடித்தம் செய்யப்படுவது ரூ.497. மாறாக, மாதம் ரூ.21,000 வரை ஊதியம் பெறும் தொழிலாளருக்கான இஎஸ்ஐ திட்டத்தில், ஊதியத்தில் 0.75 சதவீதம் மட்டும் செலுத்துபவருக்குப் புறநோயாளி சிகிச்சையும் மருந்தும் உண்டு. சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பும் இல்லை. மருந்தகங்களின் குறைகள் ஒருபுறம் இருக்க, 1948-இல் சட்டம் இயற்றியவர்களின் தொலைநோக்கு வியக்கத்தக்கது.

நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலவழிப்பது 2013-14-இல் 64.2 சதவீதமாக இருந்து, 2021-22-இல் 39.4 சதவீதமாகக் குறைந்திருப்பதாகத் தேசிய சுகாதாரக் கணக்குகள் கூறுகின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆனால், ஐந்தில் இரண்டு பங்கு இன்னும் நம் கையிலிருந்தே போகிறது என்பதும் அதன் பொருள்.

ஒவ்வொரு நிறுவனமும் தன் காப்பீட்டின் வரம்புகளையும் விலக்குகளையும் எளிய தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு ஊழியர்களுக்கு வழங்கலாம். அறையை ஒதுக்கும் முன்பே, கூடுதல் வாடகையால் மொத்தச் செலவு எவ்வளவு உயரும் என்பதை எழுத்தில் தெரிவிக்க மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்தலாம். நாள்பட்ட நோய்களுக்கான மருந்துச் செலவை ஓரளவேனும் சேர்க்க அரசு முன்வர வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோய் வரும் முன், நலமாக இருக்கும் ஒரு நாளில், அந்த ஆவணத்தைக் குடும்பத்துடன் அமர்ந்து ஒருமுறை படித்துவிடுவோம். அந்த ஒரு மணி நேரத்தை நான் ஒதுக்கியிருந்தால், ரூ.5,000 வாடகை அறையிலேயே நிறைவாகத் தங்கியிருப்பேன்.