ஒற்றை டிக் விழுந்தால் செய்தி சேர்ந்ததாகாது

சிக்னல் இல்லாதவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தி எங்கே போகிறது? அந்நிறுவனத்தின் சர்வரில் காத்திருக்கும். அவர் போனில் இணையம் வந்ததும் தானாகவே போய்ச் சேரும். 30 நாட்களுக்குள் சேராவிட்டால் அழிந்துவிடும்.

ஒற்றை டிக் என்றால் நம் போனை விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான். இரட்டை டிக் என்றால் அவர் போனுக்கு வந்துவிட்டது. நீலமானால் திறந்து பார்த்துவிட்டார்.

பெரியகுளத்திலிருந்து அடுக்கம் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருப்பவருக்கு ஜனாஸா நேரத்தை அனுப்பிவிட்டு, ஒற்றை டிக்கை நம்பி இருந்துவிடாதீர்கள். மவ்த்துச் செய்தி, ஆஸ்பத்திரிச் செய்தி என்றால் முதலில் போன் பேசுங்கள். கிடைக்காவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அதற்கு இணையம் வேண்டாம். அதற்கும் பதில் இல்லையென்றால் ஊரில் ஒருவரிடம் சொல்லி ஆள் அனுப்புங்கள்.

செய்தியும் ஓர் அமானிதம்தான். உரியவரிடம் சேரும்வரை பொறுப்பு நம்முடையது.